தேர்ந்தெடுத்தவர்களின் ரசனை

அறிவியலைக் களமாகக் கொண்ட அறிபுனைகதையும், மாயத்தையும் தொன்மத்தையும் களமாகக் கொண்ட மிகைபுனைவும் அமெரிக்காவில் வேரூன்றியது மாத இதழ்களில்தான். அவ்விதழ்கள் பெரும்பாலும் ஒரே மனிதரின் பொறுப்பில் நடந்தன. வந்து குவியும் கதைகளைப் படித்துத் தள்ளுவதும் கொள்வதும், எழுத்தாளருக்குக் கரு எடுத்துக்கொடுப்பதும், முடிவை மாற்றச் சொல்வதும் அவர் ஒருவரின் வேலையாகவே இருந்ததால், அவருடைய நோயும் பொழுதுபோக்கும் இசை ரசனையும் இதழின் பக்கங்களில் ஊறிப்போயின. அவர் எந்த அறையில் அமர்ந்து, எதைக் கேட்டுக்கொண்டு, எதற்கு அஞ்சிக்கொண்டு அக்கதைகளைத் தேர்ந்தார் என்பதை அறிந்து படிப்பவருக்கே அந்தப் பழைய இதழ்களின் சுவை முழுமையாகப் பிடிபடும்.

1924 முதல் 1940 வரை, பெரும்பாலும் சிகாகோவிலிருந்து, 'வியர்ட் டேல்ஸ்' இதழை நடத்திய ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் இசை விமர்சகராகவும் பணியாற்றியவர், ஷேக்ஸ்பியரின் தீராத பக்தர். மலிவுத்தாளில் அச்சாகிச் சில்லறைக் காசுக்கு விற்ற திகில் இதழில் கவிதைக்கும் இடம் ஒதுக்கியவர் அவர். 1935-இல் ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றையே வர்ஜில் ஃபின்லேயின் ஓவியங்களோடு மலிவுப் பதிப்பாக வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். நடுக்குவாதம் முற்றிக் கையெழுத்திடவும் இயலாத நிலையிலும் இதழை நடத்திய அம்மனிதரின் காது, திகில் கதாசிரியர் லவ்கிராஃப்டின் கனத்த உரைநடைக்குள் இருந்த ஓசையைக் கேட்டது. ஆயினும் அதே லவ்கிராஃப்டின் அண்டார்டிகக் குறுநாவலை 1931-இல் அவர் திருப்பியனுப்பியதை மன்னிப்பது கடினம்.

1937-இன் இறுதியில் 'அஸ்டவுண்டிங்' இதழின் பொறுப்பை ஏற்று, 1971-இல் இறக்கும்வரை அதை விடாதிருந்த ஜான் டபிள்யூ. கேம்பெல் வேறு வார்ப்பு. இயற்பியல் பட்டதாரியான அவர், வீட்டின் நிலவறையில் மின்னணுக் கருவிகளைப் பிரித்துக் கோப்பதில் பொழுதைக் கழித்தவர்; கதையிலும் பொறி எப்படி இயங்குகிறது என்பதையே முதலில் பார்த்தார். அவருடைய தாயும் தாயின் சகோதரியும் ஒருவரையொருவர் உரித்துவைத்த இரட்டையர். சிறுவனிடம் அன்பற்றிருந்த அந்தச் சித்தியைத் தாயென்று எண்ணி ஓடி ஏமாந்த அனுபவமே, மனித உருவெடுக்கும் வேற்றுயிரைப் பற்றி 1938-இல் அவர் எழுதிய புகழ்பெற்ற குறுநாவலின் வேர் என்று சொல்லப்படுகிறது. அசிமோவ், ஹைன்லைன் போன்ற அறிபுனைகதை எழுத்தாளர்களை வளர்த்துவிட்ட அந்தக் கருவி மோகம், 1950-க்குப் பின் அளவு கடந்தது. ஹைரோனிமஸ் கருவி என்ற, அறிவியலுக்குப் பொருந்தாத ஒரு பொறியைப் பற்றி அவர் 1956-இல் எழுதியபோது, மின்சுற்றை உண்மையில் அமைக்க வேண்டியதில்லை, அதன் படத்தைக் காகிதத்தில் வரைந்தாலே கருவி வேலை செய்யும் என்றளவுக்குச் சென்றார். புலன்களுக்கு அப்பாற்பட்ட மன ஆற்றலில் அவருக்கிருந்த அந்த நம்பிக்கைதான், அத்தகைய ஆற்றல் வாய்ந்த நாயகனைக் கொண்ட 'டியூன்' நாவலை அவ்விதழில் தொடராக வரச்செய்தது என்பதையும் நேர்மையாகக் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் அந்தப் பிற்கால இதழ்களில் பெரும்பகுதி, ஆசிரியரின் தலையங்கத்துக்கு ஆமாம் போடும் கதைகளால் நிறைந்து சலிப்பூட்டுகிறது.

1950 அக்டோபரில் 'கேலக்ஸி' இதழைத் தொடங்கிய ஹொரேஸ் கோல்டின் கதை இன்னும் நெருங்கிப் பார்க்கத் தக்கது. இரண்டாம் உலகப்போரில் பணியாற்றித் திரும்பிய அவரை அகோராஃபோபியா, அதாவது வீட்டுக்கு வெளியே திறந்தவெளிக்குச் செல்லவே அஞ்சவைக்கும் மனநோய், பற்றிக்கொண்டது. மன்ஹாட்டனின் ஸ்டைவசன்ட் டவுன் அடுக்ககக் குடியிருப்பிலிருந்தபடியே அவர் இதழ் முழுவதையும் நடத்தினார். எழுத்தாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள், சீட்டாடினார்கள், மணிக்கணக்கில் தொலைபேசியில் பேசினார்கள். முதன்முறை அவரைக் காணச் சென்ற அசிமோவ் பதிவு செய்திருக்கும் காட்சி ஒன்று உண்டு: பேசிக்கொண்டிருந்த கோல்ட் எழுந்து உள்ளே போனார், சற்று நேரத்தில் தொலைபேசி ஒலித்தது, அழைப்பு அசிமோவுக்குத்தான், அழைத்தவர் அடுத்த அறைக்குள் சென்றிருந்த கோல்ட். முகம் பார்த்துப் பேச இயலாத மனிதருக்குக் குரல் ஒன்றே உலகமாக இருந்தது.

அந்த உலகத்தின் தடயம் கதைகளில் தெளிவாகவே தெரிகிறது. 1952-இல் தொடராக வந்த ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'டிமாலிஷ்ட் மேன்' அத்தகைய தொலைபேசி உரையாடல்களில் உருவானது. மனத்தை ஊடுருவிப் படிக்கும் காவலர்களுக்கு அகப்படாமல் கொலை செய்ய முயல்பவனின் கதை அது, அதில் பல குரல்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும் மௌனப் பேச்சு அச்சிலேயே கோலமாக வரையப்பட்டிருக்கிறது. மக்கள்தொகை பெருத்த உலகில் எந்திரமனிதனோடு இணைந்து துப்பறியும் காவலனை எழுதச் சொல்லி அசிமோவைத் தூண்டியவரும் கோல்டே. 1953-இல் வெளிவந்த அந்நாவலின் மாந்தர் எஃகுக் கூரையின் கீழ் வாழ்ந்து, திறந்த வானத்தைக் கண்டால் நடுங்குகிறார்கள். மூடிய இடங்களில் அசிமோவுக்கே பிரியம் உண்டு என்பதால் முழுவதையும் கோல்டின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனாலும் அந்த நடுக்கத்தின் நுட்பத்தை அவரைவிடச் சரியாக எடைபோடக்கூடிய ஆசிரியர் அன்று எவரும் இல்லை. மாந்தர் மனத்தையும் சமூகத்தையும் கேலக்ஸி நாடியதற்கு, வீதியை ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்த ஒருவரின் தாகமும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

அவருடைய குறை, பிறர் எழுத்தில் தாராளமாகக் கைவைத்தது. அறுவைச் சிகிச்சையால் மேதையாகி மீண்டும் மங்கிப்போகும் சார்லியின் கதையை டேனியல் கீஸ் கொண்டுவந்தபோது, சார்லி அறிவை இழக்காமல் மணம்முடித்து இன்பமாக வாழ்வதாக மாற்றும்படி கோல்ட் கேட்டார். கீஸ் மறுத்தார், கதை 1959 ஏப்ரலில் 'ஃபேன்டசி அண்ட் சயன்ஸ் ஃபிக்ஷன்' இதழில் மாற்றமின்றி வெளிவந்து உலகப்புகழ் பெற்றது.

அந்த இதழை 1949-இல் ஃபிரான்சிஸ் மெக்கோமஸுடன் சேர்ந்து தொடங்கியவர் ஆன்டனி பௌச்சர். துப்பறியும் நாவலாசிரியர், ஷெர்லக் ஹோம்ஸ் ஆய்வாளர், ஆழ்ந்த கத்தோலிக்கர், போர்ஹெஸின் கதையொன்றை 1948-இலேயே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. இவற்றையெல்லாம் விஞ்சி நின்றது ஆப்பரா எனப்படும் மேலை இசைநாடகத்தின்மீது அவர் கொண்ட காதல். பழைய பாடகர்களின் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்த்து, பெர்க்லியின் கேபிஎஃப்ஏ வானொலியில் 'கோல்டன் வாய்சஸ்' என்ற நிகழ்ச்சியாகப் பல்லாண்டு வழங்கினார். அந்நகரின் இசைத்தட்டுக் கடையில் விற்பனையாளராக இருந்த ஓர் இளைஞருக்கு, தட்டு வாங்க வரும் இந்த வாடிக்கையாளர் அறிபுனைகதைக்கும் ஆசிரியர் என்பது வியப்பாயிருந்தது. முதிர்ந்த, பண்பட்ட மனிதரும் இவ்வகைக் கதைகளைப் படிக்கலாம் என்ற துணிவு அவருக்கு அங்கேதான் பிறந்தது. பௌச்சர் வாரந்தோறும் தம் வீட்டில் நடத்திய எழுத்து வகுப்பில் சேர்ந்த அந்த பிலிப் கே. டிக்கின் முதல் கதையை 1951-இல் விலைக்கு வாங்கியவரும் பௌச்சரே. குப்பை அள்ள வருபவர்களைக் கண்டு குரைக்கும் நாயின் பார்வையில் சொல்லப்பட்ட அச்சிறுகதையில் விண்கலமும் இல்லை, விளக்கமும் இல்லை. குரல் மட்டுமே இருக்கிறது. அந்தக் குரலைக் கேட்கப் பாடகர்களின் மூச்சையும் கமகத்தையும் கேட்டுப் பழகிய செவி வேண்டியிருந்தது.

கதைக்கு முன் அவர் எழுதிய சில வரி முன்னுரைகளும் அத்தகையவையே. கதையின் மர்மத்தைத் தொடாமல், எழுத்தாளரின் தனித்தன்மையை மட்டும் காட்டிவிட்டு விலகிக்கொள்பவை. கனத்த கதையை அடுத்து நகைச்சுவைக் குட்டிக்கதை, பின்னர் பழைய நூலொன்றிலிருந்து மீட்டெடுத்த பேய்க்கதை என்று அவர் வரிசைப்படுத்தியதில், வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடிக்கும் தேர்ந்த வித்வானின் கச்சேரிக்கட்டு தெரிகிறது.

அறிபுனைகதை ரசிகராக இல்லாமலேயே 'அமேசிங்', 'ஃபன்டாஸ்டிக்' இதழ்களுக்குப் பொறுப்பேற்ற சீல் கோல்ட்ஸ்மித், உர்சுலா லெ குயினையும் ரோஜர் ஸெலாஸ்னியையும் 1962-இல் அறிமுகப்படுத்தினார் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். இவ்வகை இலக்கியத்துக்கு வெளியே ரசனையை வளர்த்துக்கொண்டவர்களே அதற்குள் நிலைத்ததைத் தேர்ந்தார்கள். அவர்களுள் முதலிடம், கேம்பெலின் பெரும்புகழையும் மீறி, பௌச்சருக்கே உரியது. தொகைநூல்களில் உதிரியாகக் கிடைக்கும் கதைகளோடு நின்றுவிடாமல், 1949-க்கும் 1958-க்கும் இடைப்பட்ட அவருடைய இதழ் ஒன்றையாவது முன்னுரைகளோடு சேர்த்து, அச்சிட்ட வரிசையிலேயே முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.