திறந்த வெளியில் தீட்டிய பால்யம்

ஓவியன் ஒருவன் தன் சித்திரக்கூடத்தை விட்டு வெளியே வந்து, வயலோரத்திலோ கடற்கரை மணலிலோ குடையை ஊன்றி அமர்ந்து, அங்கே விளையாடும் குழந்தைகளை அந்த இடத்து வெயிலோடும் காற்றோடும் சேர்த்துத் தீட்ட முயல்வது, கேட்பதற்கு எவ்வளவு இனிமையாக இருந்தாலும், கலைத்தொழிலின் மிகக் கடினமான பிரயத்தனங்களுள் ஒன்றாகும். வெயில் அரை நாழிகை ஒரே இடத்தில் நிற்பதில்லை. குழந்தை அரைக் கணமும் நிற்பதில்லை. இவ்விரண்டையும் வசப்படுத்திய பின்னரும் வேறொரு சோதனை காத்திருக்கிறது. பால்யத்தை நோக்கும் பெரியவர்களின் கண்ணில் கழிந்துபோன தம் நாட்களைப் பற்றிய ஏக்கம் எப்போதும் படர்ந்திருப்பதால், எதிரே நிற்கும் குழந்தையை விட்டுவிட்டு நெஞ்சிலே இருக்கும் குழந்தையைத் தீட்டிவிடுவது மிகவும் சுலபம். இம்முறையின் குணதோஷங்களை ஆராய்வதற்கு அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமரின் 1870களைக் காட்டிலும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது. ஏனெனில், வெட்டவெளியில் அமர்ந்து தீட்டும் ஓவியராகவும், வாரப் பத்திரிகைக்குப் படம் வரைந்து கொடுத்து ஜீவனம் நடத்தும் சித்திரக்காரராகவும் ஒரே காலத்தில் இருந்தவர் அவர்.

1836ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்த ஹோமருக்கு, நீர்வர்ணம் தீட்டத் தெரிந்த அன்னையிடமிருந்தே முதற் பாடம் கிடைத்தது. வாலிபப் பருவத்தில் கல்லச்சுப் பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்து, அந்த வேலையின் செக்குமாட்டுத்தனத்தை மனமார வெறுத்து, 1857இல் வெளியேறியவர், அதன்பின் எந்த எஜமானனிடத்தும் கைகட்டி நிற்கவில்லை. 'ஹார்பர்ஸ் வீக்லி' என்ற புகழ்பெற்ற வாரப் பத்திரிகை அவருடைய படங்களை வாங்கிப் பிரசுரித்தது; 1861இல் மூண்ட உள்நாட்டுப் போரின் பாசறைகளை அப்பத்திரிகைக்காக நேரில் சென்று வரைந்தார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட அந்தப் போர் ஓய்ந்தபின், தேசமே குழந்தைகளின் முகத்தைப் பார்க்க விரும்பியதில் வியப்பில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடம், புல்வெளி, படகுத்துறை ஆகியவற்றை நோக்கி ஹோமரின் தூரிகையும் திரும்பியது.

முதலில் குணத்தைச் சொல்வோம். 1868இல் அவர் தீட்டிய 'வெண்மலைகளில் ஓவியர்கள்' என்னும் சிறிய படத்தில், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு மலைச்சரிவில் வரிசையாக அமர்ந்து வரையும் ஓவியர்களையும், அருகே தம் பெயர் பொறித்த தோட்பை ஒன்றையும் காண்கிறோம். தாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பிரகடனம் செய்வதுபோன்ற படம் அது. வெளியிலேயே அமைத்து வெளியிலேயே தீட்டி முடித்த படத்தையே தாம் என்றும் விரும்புவதாகப் பின்னர் அவர் கூறியதுண்டு. அந்த விருப்பத்தின் பலனை 1872ஆம் ஆண்டின் 'சாட்டை வீச்சு' என்ற படத்தில் கண்கூடாகக் காணலாம். செந்நிறப் பள்ளிக்கூடத்தின் முன்னே, இடைவேளையில் சிறுவர்கள் கைகோத்து ஓடுகிறார்கள். ஒருபுறம் இருப்பவர்கள் திடீரெனக் காலூன்றி நிற்க, அந்த இழுப்பு வரிசை முழுதும் பாய்ந்து, மறுகோடியில் இருப்பவர்கள் பிடி நழுவிப் புல்லில் உருள்கிறார்கள். இங்கே வெயில் வெறும் அலங்காரமன்று. தொப்பியின் விளிம்பு முகத்தில் போடும் நிழலும், வெறுங்கால் தரையைப் பற்றும் அழுத்தமும், பின்னோக்கிச் சாய்ந்த உடலின் பாரமும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதனால், பார்க்கும் நமக்கே கை இழுபடுவதுபோன்ற உணர்ச்சி உண்டாகிறது. சித்திரக்கூடத்தில் மாதிரிச் சிறுவனை ஸ்டூலின்மேல் நிறுத்தி வரைந்திருந்தால் உடுப்பு கிடைத்திருக்கும். அந்த இழுப்பு கிடைத்திராது.

இரண்டாவது குணம் பத்திரிகைத் தொழில் தந்தது. அக்காலத்தில் ஓவியன் மரக்கட்டையின்மேல் வரைந்து கொடுப்பான். செதுக்குவோர் அதைக் கோடு கோடாக வெட்டி அச்சுக்குத் தருவர். தெளிவற்ற கோட்டைச் செதுக்குபவர் தம் மனம்போல் வெட்டிவிடுவார் என்ற நிலையில், உருவத்தை இரண்டொரு திடமான ஒளிப்பரப்புகளாகவும் நிழற்பரப்புகளாகவும் பிரித்துக் காணும் பழக்கம் ஓவியனுக்கு உயிர்நிலையாகிறது. அந்தச் சிக்கனம் ஹோமரின் வர்ணப் படங்களிலும் ஊறியிருப்பதனால்தான், 1873 கோடையில் கிளாஸ்டர் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் அவர் தீட்டிய நீர்வர்ணப் படங்களில், குழந்தைகள் தின்பண்டம்போல இனிக்காமல், வெயிலில் காய்ந்த மரம்போல உறுதியாக நிற்கிறார்கள். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1875இல் எழுதிய விமரிசனத்தில், இந்த மறுப்படிந்த முகச் சிறுவர்களும் பலகை வேலிகளும் தமக்குச் சற்றும் பிடிக்கவில்லை என்று கடிந்தவர். எனினும், பொருளை அதைச் சூழ்ந்த ஒளியோடும் காற்றோடும் ஒன்றாகக் காணும் கண் ஹோமருக்கு இயல்பாக வாய்த்திருப்பதை அவராலும் மறுக்க முடியவில்லை.

இனி, தோஷம். வெளியில் தீட்டுவதே சத்தியம் என்ற கொள்கைக்கும் அவர் உண்மையில் செய்ததற்கும் இடைவெளி இருக்கிறது. 'சாட்டை வீச்சு' இரண்டு தைலவர்ண வடிவங்களில் உள்ளது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிசாலையில் உள்ள சிறிய படத்தில் பள்ளிக்குப் பின்னால் ஆகாயம் மட்டுமே விரிகிறது. ஒஹையோவின் பட்லர் காட்சிசாலையில் உள்ள பெரிய படத்திலோ மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. மலையை வைப்பதும் எடுப்பதும் ஓவியனின் சித்தம் என்றால், நேரில் கண்டதைத் தீட்டினான் என்ற பிரமாணத்துக்கு எவ்வளவு மதிப்பு? அன்றியும், வெளியில் பிடித்த ஒரே உருவத்தை நீர்வர்ணத்திலும் தைலவர்ணத்திலும் மரச்செதுக்கிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், சில சிறுவர்கள் நாளடைவில் உயிருள்ள பிள்ளைகளாக இல்லாமல், அச்சுக்கூடத்து எழுத்துக்களைப்போல எங்கும் பொருத்தத்தக்க சாமான்களாக ஆகிவிட்டார்கள்.

இதனினும் பெரிய தோஷம், எதைத் தீட்டினார் என்பதில் இல்லை. எதை விட்டார் என்பதில் இருக்கிறது. அதே பத்தாண்டில் அந்நாட்டுப் பஞ்சாலைகளிலும் சுரங்கங்களிலும் குழந்தைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஆலை மணி ஒலிக்க வேலைக்குப் போகும் இளம் பெண்களை அவரே 'காலை மணி' என்ற படத்தில் தீட்டியிருக்கிறார்; ஆனால் ஆலையின் வாசலோடு அவர் நின்றுவிட்டார். வெளியில் தீட்டும் முறைக்கு இது பிறவிக் குறை என்றே சொல்லவேண்டும். சூரியனை நம்பிய தூரிகைக்குச் சூரியன் நுழையாத இடத்தில் வேலையில்லை. வாரம் தவறாமல் குடும்பங்களில் விரித்துப் பார்க்கப்படும் பத்திரிகையும், விடுமுறைக் குழந்தையையே விரும்பிக் கேட்டது. ஒளியின் வரம்பும் சந்தையின் வரம்பும் ஒன்றாகிவிட்டபோது, பால்யம் என்றாலே கோடை விடுமுறை என்ற மயக்கம் பிறந்தது.

ஆயினும், இக்குறையிலிருந்து மீளும் வழியையும் அவருடைய படங்களே காட்டுகின்றன. கிளாஸ்டரில் அவர் வரைந்த நீர்வர்ணப் படம் ஒன்றில், கரையேற்றிய படகின்மீது அமர்ந்து தந்தைக்காகக் கடலை நோக்கியிருக்கும் சிறுவன் தனியே இருக்கிறான். அதே சிறுவனை 'அப்பா வருகிறார்!' என்ற தைலவர்ணப் படத்துக்குக் கொண்டுவந்தபோது, கைக்குழந்தையோடு நிற்கும் தாயையும் சேர்த்தார். 1873 ஆகஸ்டில் வீசிய ஒரு புயலில் கிளாஸ்டர்ப் படகுகள் பல மூழ்கி, ஆட்கள் பலர் திரும்பாமலே போனதை நினைவில் கொண்டு பார்த்தால், படத்தின் தலைப்பு ஆறுதல் சொல்ல விரைந்தாலும், படத்தில் இருப்பது வருகையன்று, காத்திருத்தல் என்பது புலனாகும். பையனுக்குத் தெரிந்திராத அச்சம் தாயிடத்தில் இருக்கிறது. வெளியில் கண்டது சாட்சியம்; உள்ளே அமர்ந்து சிந்தித்துச் சேர்த்தது அர்த்தம். முன்னே தோஷம் என்று நாம் கடிந்த அதே மறுபிரயோகம் இங்கே குணமாகிவிடுகிறது. சேர்த்த உருவம் கண்டதை அழகுபடுத்துவதற்காக வந்ததா, ஆழப்படுத்துவதற்காக வந்ததா என்பதே கேள்வி.

1875இல் பத்திரிகைச் சித்திரத் தொழிலை விட்டபின் இந்த உண்மை இன்னும் தெளிவாகிறது. அதற்கு முன், 1871இல் அவர் தீட்டிய 'கிராமப் பள்ளி', ஒரே அறையில் இளம் ஆசிரியை ஒருத்தி பாடம் நடத்தும் காட்சி. அழகானது, அமைதியானது, எந்தக் கேள்வியையும் எழுப்பாதது. 1877இல் தீட்டிய 'வர்ஜீனியாவில் ஞாயிறு காலை'யிலும் ஒரு பள்ளியே இருக்கிறது. ஆனால் அது குடிசைக்குள், ஒரு புத்தகத்தைச் சுற்றி நெருங்கி அமர்ந்து எழுத்துக்கூட்டும் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி. அவர்களுக்குச் சற்று அப்பால், புத்தகத்தில் சேராமல், ஒரு கிழவி அமர்ந்திருக்கிறாள். அடிமைகளைக் கூட்டிவைத்து எழுத்தறிவிப்பதை 1831ஆம் ஆண்டுச் சட்டத்தால் குற்றமாக்கியிருந்த மாகாணம் வர்ஜீனியா. கிழவிக்கும் குழந்தைகளுக்கும் இடையே உள்ள அந்தச் சிறு இடைவெளியில் ஒரு யுகமே கிடக்கிறது. கறுப்பினத்தாரைக் கேலிக்குரியவர்களாகக் காட்டுவதே பத்திரிகைகளின் வழக்கமாக இருந்த காலத்தில், இந்த முகங்களைக் காருண்யத்தோடும் கௌரவத்தோடும் தீட்டியது சாமானியமன்று. முந்திய ஆண்டில் தீட்டிய 'தர்ப்பூசணிச் சிறுவர்க'ளில் அந்த மலினமான வழக்கின் வாடை முழுவதும் நீங்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது; ஒரே ஆண்டில் அவர் கடந்து வந்த தூரத்தை அளக்க அப்படமும் வேண்டும்.

வெட்டவெளியின் ஓவியர் என்று போற்றப்படுபவரின் பால்யச் சித்திரங்களுள், என் மதிப்பில் மிக உயர்ந்தது, கூரைக்குக் கீழே நிகழும் இந்தக் காட்சிதான். அதனால் வெளியில் கழித்த வருஷங்கள் வீண் என்பது பொருளன்று. புல்லிலும் மணலிலும் கூர்மை பெற்ற கண்ணே, குடிசையின் மங்கிய ஒளியில் ஒரு சிறுமியின் குனிந்த தலையையும் அவளுக்கு எட்டிய புத்தகத்தையும் இவ்வளவு துல்லியமாகக் கண்டது. 1883இல் ஹோமர் மேய்ன் கடலோரத்துப் பிரௌட்ஸ் நெக்கில் குடியேறி, 1910இல் மறையும்வரை பெரும்பாலும் கடலையும் பாறையையுமே தீட்டினார். குழந்தைகள் அவருடைய கித்தானை விட்டு அநேகமாக மறைந்துபோனார்கள். அவர் விட்டுச்சென்ற பால்யச் சித்திரங்களை ரசிக்கும் நாம், சிரிக்கும் முகத்தில் வெயில் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், கைகோத்து ஓடும் அந்த வரிசையில் இடம் கிடைக்காத குழந்தை எங்கே நிற்கிறது என்றும் தேடிப் பார்ப்போமானால், அவர் 1877இல் வந்து சேர்ந்த இடத்துக்கு நாமும் வந்துசேர்வோம்.