கம்பி வழி வராத செய்தி

காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள தக்காளித் தோட்டங்களில் வாடி நிற்கும் செடியைப் பிடுங்கினால், வேரெல்லாம் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரிவதுண்டு. வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. கண்ணுக்குப் புலப்படாத அதன் குஞ்சு, மண்ணின் ஈரத்தில் நெளிந்துபோய் வேர்நுனியைக் கண்டுபிடித்து உள்ளே நுழைகிறது. இத்தனைக்கும் அதற்கு இருப்பவை சில நூறு நரம்புச் செல்கள்தான். அந்தச் சில நூறு எப்படி வேலை செய்கின்றன என்று அறிய, அதன் தூரத்து உறவான, பயிரைத் தொடாத எலிகன்ஸ் புழுவை ஆய்வுக்கூடங்களில் வளர்க்கிறார்கள். 1986இல் ஜான் ஒயிட், சிட்னி பிரென்னர் குழுவினர் அப்புழுவின் 302 நரம்புச் செல்களும் எங்கெங்கே இணைகின்றன என்ற வரைபடத்தை வெளியிட்டார்கள். ஆனாலும் அதை வைத்துப் புழு அடுத்து என்ன செய்யும் என்று சொல்ல முடியவில்லை. இணைப்பு பாதிக் கதைதான் என்பதே என் வாதம். மறுபாதி நியூரோபெப்டைடுகளிடம் இருக்கிறது. அமினோ அமிலங்கள் கோத்த இந்தச் சிறு சங்கிலிகளை ஒரு செல் வெளியே விட்டால், தன்னோடு இணைப்பே இல்லாத செல்களையும் அவை எட்டும். தண்டோரா தெருவில் எல்லார் காதிலும் விழும். உரியவர் மட்டும் எழுந்து போவார். உரியவர் யார் என்பதை இங்கே செல்லின் மேலுள்ள ஏற்பி தீர்மானிக்கிறது.

இதற்கு வலுவான சான்று 1998இல் வந்தது. சில எலிகன்ஸ் புழுக்கள் உணவின் ஓரத்தில் கும்பலாகக் கூடும். சில தனித்தனியே மேயும். மாரியோ டி போனோவும் கோரி பார்க்மனும் காரணத்தைத் தேடியபோது, என்.பி.ஆர்.-1 என்ற ஏற்பியில் 215ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றே மாறியிருந்தது. தனித்து மேயும் வகை ஆய்வுக்கூட வளர்ப்பில் தோன்றியது என்று பின்னர் தெரிந்ததும், இயற்கையைப் பற்றி இது எதைச் சொல்லும் என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்பியின் ஓர் எழுத்து மாறினாலே நடத்தை தலைகீழாகும் என்ற உண்மை அதனால் குறைந்துவிடவில்லை. மொஹாலியில் கவிதா பாபுவின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வும் இதே ஏற்பியைத் தொடுகிறது. எஃப்.எல்.பி.-18 பெப்டைடு இல்லாத புழு, பின்வாங்கத் தொடங்கினால் அளவுக்கு மீறிப் பின்னாலேயே போகிறது. அந்தப் பெப்டைடு என்.பி.ஆர்.-1, என்.பி.ஆர்.-4 என்ற இரண்டு ஏற்பிகள் வழியாகக் கடிவாளம் போடுகிறது.

பழ ஈயிடம் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கூட்டுப்புழுவிலிருந்து டிரோசோபிலா ஈ விடியற்பொழுதை ஒட்டி வெளிவருவதை ஜெர்மனியில் ஆராய்ந்த எம்.கே. சந்திரசேகரன், 1975இல் மதுரைப் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வைத் தொடங்கினார்; குகை வௌவால்களின் நேரக்கணக்கைப் பார்த்தார். ஈயின் அந்த உயிர்க்கடிகாரத்தின் செல்களை ஒன்றுசேர்ப்பது எது என்ற கேள்விக்கு 1999இல் ஒரு விடை கிடைத்தது: 18 அமினோ அமிலங்கள் கொண்ட பி.டி.எஃப். பெப்டைடு. அதன் மரபணு பழுதான ஈக்களை இடைவிடாத இருட்டில் வைத்தால், பெரும்பாலானவற்றின் தினசரி ஒழுங்கு சில நாள்களில் சிதறிவிடுகிறது. ஏற்பி 2005இல் பிடிபட்டது. எலிகன்ஸிலும் இதே குடும்பப் பெப்டைடு உண்டு. அங்கே அது புழுவை அலைந்து திரிய வைக்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள்.

ஒரு பெப்டைடுக்குப் பல ஏற்பி, ஓர் ஏற்பிக்குப் பல பெப்டைடு என்றிருக்கையில் எதைத் தனியே காரணம் என்பது என்று சிலர் கேட்கிறார்கள். 2023இல் எலிகன்ஸில் 461 பெப்டைடு–ஏற்பி இணைகளை வரிசைப்படுத்திய ஆய்வு இந்தச் சிக்கலை மறைக்கவில்லை. ஒன்று போனால் இன்னொன்று ஈடுசெய்வதால் பல மரபணுக்களை நீக்கியும் புழு சாதாரணமாகவே தெரியும். அதனால்தான் தனிப் பெப்டைடை விட்டு இணைகளின் முழுப் பட்டியலைத் தேட வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்கும் இது தேவை. நூற்புழுவுக்கு இடும் கார்போபியூரான் குருணை தாக்கும் நரம்பு நொதி, அதை அள்ளி இடுபவரின் உடலிலும் இருக்கிறது. பெப்டைடு ஏற்பிகளோ விலங்குக்கு விலங்கு வேறுபடுகின்றன. கொடைக்கானல் மலையின் உருளைக்கிழங்கைக் கெடுக்கும் முட்டைக்கூடு நூற்புழுவில் எஃப்.எல்.பி. குடும்பப் பெப்டைடுகளின் மரபணுக்களை ஆர்.என்.ஏ. கொண்டு வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் அடக்கிப் பார்த்தார்கள். குஞ்சுகள் சாகவில்லை, மணலுக்குள் நகர முடியாமல் தவித்தன.