குலச் சிற்பியும் பொழுதுபோக்குச் சிற்பியும்

ஆனந்த குமாரசுவாமி 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இந்தியக் கைவினைஞன்’ என்னும் நூல், ஊர்க் கம்மியனுக்கு மானிய நிலமும் விளைச்சற் பங்கும் இருந்தமையால் அவன் கை கவலையின்றி நிதானித்தது என்கின்றது. கல்வியும் ஆசானின் பட்டறையிலேயே நிகழ்ந்தது என்கின்றது. இவை ஏற்புடையனவே. ஆயினும் குலவழியுரிமைக்கு அந்நூல் தரும் ஏற்றம் மிகையானது. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வை நடத்திய அவ்வாசிரியரே விருப்பினாற் கலைக்கு வந்தவர். தம் ‘இடைக்காலச் சிங்களக் கலை’யைக் கையச்சுப் பொறியில், தம் மேற்பார்வையில், 1908இல் பதிப்பித்து முடித்தவர்.

வெருகற் சித்திர வேலாயுதர் கோயிலை அண்டி வாழும் ஒருவர் ஓய்வுப்பொழுதில் வேப்பமரத்தில் மயிலொன்று செதுக்குவாராயின், வேறு தொழில் தரும் ஊதியமே அவருக்கு மானிய நிலமாகும். அவர் அவசரப்பட வேண்டுவதில்லை. உளியையே நம்பியவனுக்கோ அந்நிலம் இன்றில்லை. பொழுதுபோக்காளர் மரத்தின் விலையை மட்டும் பெற்று விற்பின், அவன் கூலி வீழும். ஆதலின் கற்பித்தலில் தாராளமும் விலையிற் கண்டிப்பும் அவருக்கு வேண்டும். மரத்தின் இழையோட்டம் அறிந்து வெட்டும் முறையைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் காட்டலாம். செதுக்கிய உருவத்தை இலவசம்போல் விற்றலாகாது. நூல் வெளிப்படக் கூறாத இவ்வறம், அந்நூலின் கருத்திலிருந்தே பிறப்பதாகும்.