விளிக்கப்படுவோரும் உரைக்கப்படும் உண்மையும்: ஸ்வெத்லானா அல்லிலுயெவாவின் இரு தன்வரலாற்று நூல்கள்

முன்னுரை

ஆட்சியாளர்தம் குடும்பத்தினர் எழுதிய தன்வரலாறுகள் பெரும்பாலும் வரலாற்றுச் சான்றுகளாகவே பயன்படுத்தப்படுகின்றன. கூறப்பட்ட செய்தி மெய்யா, பொய்யா என்பதே முதன்மை வினாவாகிறது. அஃது யாரை நோக்கிக் கூறப்பட்டது என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. ஸ்டாலினின் மகள் ஸ்வெத்லானா அல்லிலுயெவா (1926–2011) எழுதிய ‘நண்பருக்கு இருபது கடிதங்கள்’ (1967), ‘ஓராண்டு மட்டுமே’ (1969) ஆகிய நூல்களை இவ்வினாவின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

நூல்கள் தோன்றிய சூழல்

முதல் நூல் 1963ஆம் ஆண்டுக் கோடையில், மாஸ்கோவை அடுத்த ஜுகோவ்காவில் 35 நாள்களில் எழுதப்பெற்றது. வெளியிடும் எண்ணம் அப்போது ஆசிரியருக்கு இல்லை. அதன் கையெழுத்துப்படியைப் பின்னர் இந்தியத் தூதர் டி.என். கௌல் சோவியத் நாட்டிற்கு வெளியே கொண்டுவந்தார். ஸ்வெத்லானாவின் வாழ்க்கைத் துணையாக விளங்கிய பிரஜேஷ் சிங், காலாகாங்கர் அரச குடும்பத்தில் பிறந்த இந்தியப் பொதுவுடைமையாளர். இவர்கள் மணத்தைப் பதிவு செய்ய அரசு இசையவில்லை. 1966 அக்டோபர் 31இல் அவர் மறைந்தார். அவரது சாம்பலுடன் அவ்வாண்டு டிசம்பரில் ஸ்வெத்லானா இந்தியா வந்தார். இங்கேயே தங்க விரும்பியும் அதற்கு வழி கிட்டவில்லை. 1967 மார்ச் 6இல் தில்லியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் புகலிடம் கோரினார். சுவிட்சர்லாந்தில் தங்கியபின் ஏப்ரல் 21இல் நியூயார்க் சேர்ந்தார். மகனும் மகளும் மாஸ்கோவிலேயே இருந்தனர். இரண்டாம் நூல் இந்த ஓராண்டின் வரலாறாகும்.

நண்பரை நோக்கிய குரல்

முதல் நூலின் விளி, பெயர் சுட்டப்படாத ஒரு நண்பரை நோக்கியது. அந்நண்பர் அந்நாட்டில், அக்காலத்தில் வாழ்ந்தவர். ஆதலின் அவருக்கு அச்சத்தை விளக்கவேண்டிய தேவை எழவில்லை. இதனால் நூல் வீட்டு நிகழ்ச்சிகளிலேயே நிலைகொள்கிறது. தந்தையின் இறுதி நாள்களில் தொடங்கி, 1932இல் நேர்ந்த தாயின் மறைவை நோக்கிப் பின்செல்கிறது. அம்மறைவு தற்கொலை என்பதைப் பத்தாண்டு கழித்து ஓர் ஆங்கில இதழின் வழியே மகள் அறிந்தாள் என்னும் செய்தி, அவ்வீட்டில் மௌனம் செயற்பட்ட முறைக்குச் சான்றாகிறது. வளர்த்த செவிலித்தாய்க்கும் இந்நூல் விரிவான இடம் தருகிறது.

உறவினர் பலர் அழிக்கப்பட்டமைக்குரிய பழியைப் பேரியாவின்மேல் ஏற்றித் தந்தையைக் காக்கிறார் என்பது இந்நூலின்மீது கூறப்படும் குறை. இக்குறை மறுக்கத்தக்கதன்று. எனினும், ஒருவரைப் பகைவர் எனத் தந்தை உள்ளத்தில் கொண்டுவிட்டால் அவர் மீண்டும் பழைய நிலைக்கு வருதல் அரிது என்று அதே நூல் கூறுகிறது. இவ்வொரு பண்பே பேரியாவைச் சுட்டும் விளக்கத்தைத் தகர்க்கப் போதுமானது. மகள் வழங்கத் தயங்கிய தீர்ப்பைப் படிப்பவரே வழங்குதற்குரிய சான்று நூலினுள்ளேயே உள்ளது.

உலகை நோக்கிய குரல்

‘ஓராண்டு மட்டுமே’ நூலில் விளி மாறுகிறது. இதனைப் படிப்போர் மேலைநாட்டார். அவர்கள் விளக்கம் கோருவோர். எனவே, கொடுமைகளுக்குத் தந்தையும் ஆட்சியமைப்பும் பொறுப்பு என்று ஆசிரியர் வெளிப்படையாக உரைக்கிறார். வரலாற்று நோக்கில் இக்கூற்று முன்னதினும் சரியானது. ஆயின் இலக்கிய நோக்கில் ஓர் இழப்பும் நேர்கிறது. முன்னைய நூலில் தாம் கண்டதைச் சொன்னவர், இந்நூலின் பல பகுதிகளில் முன்பே அடைந்த முடிவை நிறுவ முயல்கிறார். ஆயினும் இந்தியாவைப் பற்றிய பகுதிகள் இதற்கு விலக்கு. அங்கு மீண்டும் ஒரு வீடும், ஒரு மறைவும், ஓர் ஆறும் எழுத்தின் களமாகின்றன. முதல் நூலின் குரலும் திரும்புகிறது.

இம்மாற்றத்தை விடுதலை பெற்றவரின் துணிவு எனக் கொள்வாரும், புகலிடம் தந்தவர்க்குச் செலுத்திய கைம்மாறு எனக் கொள்வாரும் உண்டு. இரண்டும் முழுமையான விளக்கங்கள் அல்ல. அவருடைய பெரியன்னை அன்னா, குடும்ப நினைவுகளை 1946இல் நூலாக வெளியிட்டார். 1948இல் சிறைப்பட்டு 1954இல்தான் விடுதலையானார். அக்குடும்பத்தில் நினைவுகூர்தலே குற்றமாயிருந்தது. ஆதலின் 1963இல் எழுதியமையே துணிவுதான்.

முடிவுரை

ஸ்வெத்லானா 1984இல் சோவியத் நாட்டிற்குத் திரும்பி, 1986இல் மீண்டும் வெளியேறினார். தாயின் குடும்பப் பெயரை ஏற்றும், பின்னர் அமெரிக்காவில் லானா பீட்டர்ஸ் என வழங்கப்பெற்றும், இன்னாரின் மகள் என்னும் அடையாளத்தினின்று அவர் நீங்க இயலவில்லை. அவரிடம் உலகம் கேட்டது தந்தையைப் பற்றிய தீர்ப்பு. அவர் தரவல்லதாயிருந்தது அவ்வீட்டைப் பற்றிய சாட்சியம். தீர்ப்புக்குப் பிற சான்றுகள் உள. அச்சாட்சியத்தை அவரன்றி அவ்வாறு தரவல்லார் இலர். எனவே அரசியல் தெளிவில் இரண்டாம் நூல் விஞ்சினும், தன்வரலாறு என்னும் வகையில் முதல் நூலே நிலைபேறுடையது எனலாம்.