ஆலைக் கரையும் ஆய்வேட்டு வரைபடமும்

கைவிடப்பட்ட ஆலைகள் நிற்கும் நகரக் கரையை மறுவடிவமைப்பது, நிலவெளி வடிவமைப்பு மாணவர்கள் ஆய்வேட்டுக்கு விரும்பி எடுக்கும் பொருள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், யூனியன் ஏரிக்கரையில் உள்ள கேஸ் ஒர்க்ஸ் பூங்கா இந்தத் துறையில் முன்மாதிரியாகப் பேசப்படுவது. மாணவர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

1906 முதல் 1956 வரை அங்கே எரிவாயு தயாரிக்கப்பட்டது. ஆலையை அடியோடு இடித்துவிட்டுப் புல்வெளி போடுவதுதான் அன்றைய வழக்கம். வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக் துருவேறிய கோபுரங்களை அப்படியே நிற்க விட்டார். கொதிகலன் கூடம் குடும்பங்கள் கூடி உண்ணும் இடமானது. பழைய இயந்திரங்கள் வண்ணம் பூசப்பட்டுச் சிறுவர் விளையாட்டுக் கூடத்தில் நின்றன. இடிபாடுகள் குன்றாகக் குவிக்கப்பட்டன, அதன்மேல் இன்று பட்டம் விடுகிறார்கள். 1975இல் பூங்கா திறக்கப்பட்டது. அழுக்குத் தொழிலின் எச்சத்துக்கும் அழகு உண்டு என்று நகரத்தை ஒப்புக்கொள்ள வைத்தது சிறிய சாதனையல்ல.

மண்ணின் கதை வேறு. தாரும் எண்ணெயும் ஊறிய மண்ணில் கழிவுநீர்ச் சேறும் மரத்தூளும் கலந்து, நுண்ணுயிர்கள் நஞ்சைத் தின்னட்டும் என்று ஹாக் விட்டார். துணிச்சலான யோசனை, ஆனால் போதவில்லை. 1984இல் நச்சு அச்சத்தால் பூங்காவைத் தற்காலிகமாக மூடவேண்டி வந்தது. ஏரிப் படிவில் மாசு தங்கிவிட்டதால் அங்கே நீரில் இறங்கவும் தடை.

மாணவர் ஆய்வேட்டின் கடைசித் தாளிலோ, மாலை வெயிலில் படித்துறையில் அமர்ந்து மக்கள் தண்ணீரில் கால் நனைக்கிறார்கள்! குறுக்குவெட்டு வரைபடத்தில் மண் ஒரே பழுப்புப் பட்டை. ஆழ்துளை மாதிரி இல்லை, நிலத்தடி நீரின் போக்கும் இல்லை.

இதற்காக ஆய்வேட்டையே வீண் என்று தள்ளிவிட முடியாது. நில உரிமையாளரும் வரவுசெலவும் கழுத்தை நெரிக்காத, ஆய்வேட்டுக்கான அந்த ஓராண்டில்தான், நகராட்சி கேட்கத் தயங்கும் கேள்வியை மாணவர் கேட்கிறார்: கரை யாருக்கு? பலவீனம் கற்பனையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. மாசை உறிஞ்ச வில்லோ, பாப்லர் மரங்களை வரைந்து அம்புக்குறி போடுவது எளிது. அவை உறிஞ்சும் கன உலோகம் அழிவதில்லை; இலையிலும் தண்டிலும் சேர்கிறது. அவற்றை வெட்டி, பாதுகாப்பாக அகற்றி, மீண்டும் நடவேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு. அந்த வேலைக்கு யார் பொறுப்பு, பணம் எங்கிருந்து வரும், அதுவரை எந்தப் பகுதி வேலிக்குள் இருக்கும் என்பதை ஆண்டுவாரியாக வரைந்து காட்டும் தாள்கள் அரிது.