யாழ்நூலும் பல்கலைக்கழகத்துக் கலையாராய்ச்சியும்

கலையைப் பயிலுதல் வேறு, கலையை ஆராய்தல் வேறு என்னும் கருத்து நம் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. இசைக் கல்லூரியில் பாடுவோர் உளர். தமிழ்த்துறையில் இசைபற்றிய பழநூற் பகுதிகளுக்குப் பொருள் காண்போர் உளர். முன்னவர் சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் தமக்குரியதாகக் கொள்வதில்லை. பின்னவர் நரம்பினைத் தொட்டு ஓசை கேட்பதில்லை. இப்பிரிவினையால் ஆராய்ச்சி எய்திய இழப்பு யாது என்பதை, அப்பிரிவினைக்கு உட்படாத ஒருவர் இயற்றிய நூலொன்றை முன்னிறுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விபுலாநந்த அடிகளின் யாழ்நூலே அந்நூல்.

சிதம்பரத்தில் 1920ஆம் ஆண்டு தோன்றிய மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. தமிழும் இசையும் ஒரே வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்வியாக இடம்பெற்ற பேறு அதற்கு வாய்த்தது. சபேசையர், டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்ற பெரும்புலவர்கள் அங்கு இசை பயிற்றினர். 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் விபுலாநந்த அடிகள். ஈழத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த அவர் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து அறிவியற் பட்டமும் பெற்றவர். இவ்விரண்டு தகுதியும் ஒருவரிடத்தே அமைந்தமை யாழ்நூலின் பிறப்புக்கு இன்றியமையாததாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

1941ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் கூடிய தமிழிசை மாநாட்டைத் தமிழுலகம் நன்கறியும். தமிழ்ப் பாடல்களை இயற்றுவித்தும், சுரதாளக் குறிப்புடன் அச்சிட்டும் அரசர் அண்ணாமலைச் செட்டியாரும் பல்கலைக்கழகத்தாரும் ஆற்றிய பணி பெரிது. எனினும் அவ்வியக்கத்தின் தலையாய வினா, மேடையில் எம்மொழியிற் பாடுவது என்பதாகவே இருந்தது. பழந்தமிழிசையின் இலக்கணம் யாது, அதனைக் கருவியில் எழுப்பிக் காட்ட இயலுமா என்னும் வினா அதற்கு அடுத்த இடத்தையே பெற்றது. இதனைக் குறையென்று கூறேன். மொழிக்கு இடமே இல்லாத மேடையில் முதலில் இடம் பெறுதல் வேண்டும். ஆயினும் இரண்டாம் வினா இரண்டாமிடத்திலேயே நின்றுவிட்டது என்பதை மறைத்தலும் ஆகாது. 1949 முதல் தமிழிசைச் சங்கம் நடத்திவந்த பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள் இக்குறையை ஓரளவு போக்கின. அவை தேவாரப் பண்களையே பெரிதும் நோக்கியமையால், பாலை இலக்கணம் பெரும்பாலும் தீண்டப்படாமலே நின்றது.

யாழ்நூல் 1947ஆம் ஆண்டு சூன் திங்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழியல்களையுடைய இந்நூல் மறுபதிப்புக் காண 1974 வரை காத்திருந்தது. ஒரு பெருநூலை 27 ஆண்டு அச்சின்றி வைத்திருந்தமை, நாம் அதனைப் போற்றிய அளவுக்குப் பயின்றோமில்லை என்பதற்குப் போதிய சான்று. அடிகளின் யாழாராய்ச்சிக்குக் கரந்தையில் உடனிருந்து உதவிய க. வெள்ளைவாரணனார், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழாசிரியராய் அம்மரபினைப் பேணினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இனி நூலின் உயிர்நிலையான ஒரு செய்தியை நோக்குவோம். ஏழு நரம்புகளுக்கும் உரிய அலகுகளைச் சிலப்பதிகார உரைமரபு தருகின்றது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2, ஆக 22. 1892இல் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லாருரையுடன் சிலப்பதிகாரத்தை வெளியிட்ட நாள்முதல் இக்கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தது. இவ்வெண்களின் பொருள் யாது என்பதில்தான் கருத்து வேற்றுமை. 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் 24 அலகு கொண்டு, செம்பாலையைச் சங்கராபரணம் என்றார். அடிகள் 22 அலகையே கொண்டு, அதனை அரிகாம்போதி என்றார். 1956இல் எஸ். இராமநாதன் கண்ட முடிபும் அரிகாம்போதியே.

இவற்றுள் எதனை ஏற்பது? பண்டிதரின் பெருமையையோ அடிகளின் பெருமையையோ அளந்து விடை காணல் இயலாது; எண்ணிக் காணல் இயலும். ஒரு நரம்புக்குரிய அலகு, அந்நரம்பிலிருந்து அடுத்த நரம்புவரை உள்ள இடைவெளி என்று கொள்வோமாயின், குரலிலிருந்து 4, 4, 3, 2, 4, 3, 2 என ஏறிச் செல்லும். இது கல்யாணியின் உருவம். அவ்வலகு, முந்திய நரம்பிலிருந்து அந்நரம்பை அடையும் இடைவெளி என்று கொள்வோமாயின், 4, 3, 2, 4, 3, 2, 4 என வரும். இஃது அரிகாம்போதி. எண்கள் மாறவில்லை, எண்ணும் திசையே மாறியது. இவற்றுள் பின்னதே பொருந்தும் என்பதற்கு நூற்சான்றேயன்றிச் செவிச்சான்றும் உண்டு. நான்கலகுக்கு 9/8, மூன்றலகுக்கு 10/9, இரண்டலகுக்கு 16/15 என விகிதம் கொண்டால் ஏழும் பெருகி மிகச் சரியாக 2 ஆகும். பின்னைய முறையில் கைக்கிளை 5/4, உழை 4/3, இளி 3/2, விளரி 5/3 என எளிய விகிதங்களில் நின்று இனிதொலிக்கும். முன்னைய முறையிலோ கைக்கிளை 81/64 ஆகிச் சிறிதே கடுக்கும். இலக்கணப் புலமை மட்டும் உடையார் இவ்வேறுபாட்டைக் காணார். பௌதிகம் மட்டும் அறிந்தார் இவ்வலகுகள் இருக்குமிடத்தையே அறியார். அடிகள் இரண்டும் அறிந்தவர்.

இவ்வளவும் யாழ்நூலின் வெற்றி. அதன்பின் நாம் செய்தது என்ன? பாலை ஏழுக்கும் இராகம் ஏழெழுதிப் பட்டியலாக்கினோம். செம்பாலை அரிகாம்போதி, படுமலைப்பாலை நடபைரவி, செவ்வழிப்பாலை இருமத்திமத்தோடி, அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியா, விளரிப்பாலை தோடி, மேற்செம்பாலை கல்யாணி என்பது அப்பட்டியல். முதுகலை மாணவர் பலரும் இதனை மனப்பாடமாக ஒப்பிப்பர். தேர்வுக்கு இது போதும். ஆராய்ச்சிக்கு இது தொடக்கமேயன்றி முடிவன்று. பட்டியல் தன்னுள் மறைத்துவைத்திருக்கும் இடர்ப்பாடுகளை அலகுக் கணக்கு உடனே காட்டிவிடும்.

குரலிலிருந்து ஐந்தாம் நரம்பாகிய இளி 13 அலகு தொலைவில் நிற்கின்றது. உழை, இளி, விளரி, தாரம் என்பவற்றைக் குரலாக்கினாலும் அவற்றின் ஐந்தாம் நரம்பு 13 அலகிலேயே அமையும். துத்தத்தைக் குரலாக்கிப் படுமலைப்பாலை எழுப்பினால் ஐந்தாம் நரம்பு 12 அலகிலேயே நின்றுவிடும், ஓரலகு குறையும். கைக்கிளையைக் குரலாக்கிச் செவ்வழிப்பாலை எழுப்பினால் 11 அலகே உண்டு, ஈரலகு குறையும். ஆகவே, குரலை மாற்றினாலே படுமலைப்பாலை தூய நடபைரவியாகிவிடும் என்பது பொருந்தாது. செவ்வழியில் பஞ்சமமே இல்லை. ‘இருமத்திமத்தோடி’ என்னும் பெயர், இக்குறையை மூடுதற்கு இக்காலத்தார் நெய்த துணி.

செவ்வழி பயன்படாத பண்ணாயின் இதனைப் பொருட்படுத்தாது விடலாம். ஆனால் நெய்தலுக்குரியதாக உரையாசிரியர்கள் கூறும் பெரும்பண் அது. காலையில் மருதமும் மாலையில் செவ்வழியும் இசைத்தலே பாணர் மரபு என்பது புறநானூற்று 149ஆம் பாட்டால் விளங்கும். நள்ளியின் கொடையால் பாணர் அம்மரபையே மறந்தனர் என்று வன்பரணர் பாடினார். நாள்தோறும் மாலையில் வாசிக்கப்பட்ட பண் பஞ்சமம் அற்றதாயிருந்தது எங்ஙனம் என்று வினவுவார் உளர். வினாவே பிழைபட்டது என்பது என் துணிபு. சட்சமமும் பஞ்சமமும் இடைவிடாது முழங்கும் தம்பூராவைப் பின்னணியாகக் கொண்டு கேட்டுப் பழகிய செவிக்கே பஞ்சமமின்மை குறையாகத் தோன்றும். வில்போல் வளைந்த கோட்டில் நரம்புகள் தனித்தனி நிற்கும் யாழுக்கு அத்தகைய பின்னணி வேண்டுவதில்லை. யாழ் வீணையன்று என்று அடிகள் வற்புறுத்தியதன் பயன் இங்கேதான் புலப்படுகின்றது. யாழை வீணையோடு ஒன்றாக்கிய வரகுண பாண்டியனாரின் 1950ஆம் ஆண்டு நூல் கற்கத்தக்கதேயாயினும், இச்சிக்கலை அது மேலும் இறுக்கிவிடும். மெட்டுகள் பதித்த தண்டில் குரலை எங்கு வைத்தாலும் இடைவெளியை விரலே அமைத்துக்கொள்ளும். பாலைத்திரிபு என்பதற்கே அங்குத் தேவையில்லை.

இக்கூற்றைக் காகிதத்தில் நிறுவுதல் இயலாது. அடிகள் யாழுருவங்களைச் செய்வித்து அரங்கேற்றத்திற் காட்டியது அழகுக்காக அன்று. பதினான்கு நரம்புடைய சகோடயாழ் ஒன்றனை உரைமரபின்படி அமைத்து, அலகுக் கணக்கின்படி சுருதி சேர்த்து, தம்பூரா இன்றிச் செவ்வழியை எழுப்பிக் கேட்டல் வேண்டும். இதற்குத் தமிழ்த்துறையார் உரையைப் பிரித்துப் பொருள் கூறவேண்டும். இசைத்துறையார் கேட்டு முடிபு கூறவேண்டும். பௌதிகத் துறையார் அதிர்வெண்ணை அளந்து தரவேண்டும். மூன்று துறையும் ஒரே வளாகத்தில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு இதனினும் தகுந்த ஆராய்ச்சி யாது? யாழ்நூல் வெளிவந்தபின் பஞ்சமரபு அச்சேறியது, வீ. ப. கா. சுந்தரத்தின் தமிழிசைக் கலைக்களஞ்சியம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தால் 1992 முதல் வெளியிடப்பட்டது. அடிகளுக்குக் கிட்டாத கருவிகள் நமக்குக் கிட்டியுள்ளன.

யாழ்நூல் முழுவதும் ஒரே வலிமையுடையது என்று கூறுவாரில்லை. தேவாரவியலிற் பண்களுக்கு உருவம் காணுமிடத்து, இக்காலத்து ஓதுவார் வழக்கினின்று பின்னோக்கிச் செல்லவேண்டியிருத்தலின், அப்பகுதி பாலைத்திரிபியலின் உறுதியைப் பெறவில்லை. பல நூற்றாண்டுகளின் வாய்மொழியில் பண் எவ்வளவு திரிந்திருக்கும் என்பதை அளத்தற்கு வழியில்லை. பாலைத்திரிபியலுக்கோ அவ்விடர் இல்லை. அங்கு எண்கள் உள்ளன.

அவ்வெண்களே இன்னும் ஓர் ஆய்வைக் கோரி நிற்கின்றன. படுமலையில் குறையும் ஓரலகை நிறைவு செய்ய இரு வழிகள் உண்டு. விளரி நரம்பை ஓரலகு ஏற்றலாம். அப்போது விளரிப்பாலையின் ஐந்தாம் நரம்பு 12 அலகாகக் குறையும். துத்த நரம்பை ஓரலகு இறக்கலாம். அப்போது கோடிப்பாலையின் ஐந்தாம் நரம்பு குறையும். எவ்வழியிலும் குறை நீங்குவதில்லை, இடம்பெயர்கின்றது. படுமலையைக் குறிஞ்சியாழ் என்றும் கோடிப்பாலையை மருதயாழ் என்றும் கூறுவர். துத்தத்தை இறக்கும் வழியைப் பாணர் கொண்டிருந்தால், குறிஞ்சியும் மருதமும் ஒரே சுருதியமைப்பில் ஒருங்கு தூயனவாய் நில்லா. ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்லுமுன் பாணன் துத்த நரம்பை முறுக்கியிருத்தல் வேண்டும். எந்த நரம்பு முறுக்கப்பட்டது என்பதைப் பஞ்சமரபின் யாழ்ப்பகுதியிலும் அடியார்க்குநல்லாருரையிலும் ஒருசேரத் தேடுதலே இனிச் செய்யத்தக்கது.