அடுப்படியும் அருளும்: கிறித்தவத் தமிழெழுத்திலே இல்லறமும் தாய்மையும் – கலவானத் தோட்டப்புறத்தினின்று ஒரு நோக்கு

தமிழிலே கிறித்தவ இலக்கியத்தை ஆராயப்புகுவோர் பெரும்பாலும் காப்பியங்களையும் கீர்த்தனைகளையும் பாமாலைகளையுமே எடுத்துக்கொள்கின்றனர். ஞாயிறு மறையுரைகளிலும், சபைகள் வெளியிடும் சிறு பிரசுரங்களிலும், பெண்கள் கூட்டங்களில் நிகழ்த்தப்பெறும் தியான உரைகளிலும் நெடுங்காலமாக வளர்ந்துவரும் ஓர் உரைநடை வகை அவர்தம் கண்ணிற் படுவதில்லை. இல்லறத்தின் அன்றாட நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, அதனின்றும் ஒரு விசுவாசப் பாடத்தை வடித்துத் தருவது அவ்வகையின் இயல்பு. நள்ளிரவிலே குழந்தை அழுகின்றது, தாய் எழுகின்றாள், இறைவனும் உறங்காது காப்பவன் என்னும் பாடம் பிறக்கின்றது. கணவனுக்கும் மனைவிக்கும் பிணக்கு நேர்கின்றது, ஒருவர் விட்டுக்கொடுக்கின்றார், மன்னிப்பின் பெருமை விளக்கப்படுகின்றது. முற்போக்கு விமரிசகர் பலர் இதனை இலக்கியமென ஏற்பதில்லை. சபையினரோ இதனை விமரிசனத்திற்கு அப்பாற்பட்டதெனக் கருதுவர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். ஆயிரக்கணக்கான பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே விளங்கிக்கொள்ளப் பயன்படுத்தும் எழுத்து எதுவோ, அது விமரிசனத்துக்கு உரியதே.

இவ்வெழுத்து வகையை நோக்கி நாம் எழுப்பும் வினா ஒன்று: இப்பாடங்கள் யாருடைய இல்லத்திலிருந்து பெறப்படுகின்றன? இவ்வினாவுக்கு விடைகாண, சப்பிரகமுவ மாகாணத்துக் கலவானப் பகுதித் தோட்டங்களை உரைகல்லாகக் கொள்வோம். மலையகத் தொழிலாளரிற் பெரும்பாலோர் சைவ வைணவ மரபினர், கிறித்தவர் சிறுபான்மையினரே. எனினும் அச்சிறுபான்மையினரின் இல்லறமே இவ்வெழுத்தின் எடுகோள்களைத் தெளிவாகச் சோதிக்க வல்லது.

மரபின் இரு நிலைகள்

இல்லறத்திலே இறையருளைக் காணும் நோக்கு தமிழுக்குப் புதியதன்று. வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டளவில் இயற்றிய தேம்பாவணி, மன்னனையோ போர்வீரனையோ தலைவனாகக் கொள்ளாது, தச்சுத் தொழில் செய்து மனைவியையும் மகவையும் காத்த சூசையைத் தலைவனாகக் கொண்டது. மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியத்தின் நடுவே நிற்பது ஒரு தொழிலாளியின் குடும்பமாகும். ஆயினும் காப்பியம் அக்குடும்பத்தை எவ்வாறு கையாள்கின்றது என்பது நோக்கத்தக்கது. ‘ஈரறம் பொருத்து படலம்’ என்னும் பெயரே கவிஞர் எதிர்கொண்ட சிக்கலைக் காட்டுகின்றது. இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருங்கே பொருத்தினாலன்றி இல்லறம் காப்பியப் பெருமை பெறாது என அவர் கருதினார். எனவே இல்லத்தின் மேன்மை இல்லத்திலிருந்து எழவில்லை. துறவிலிருந்து இரவல் பெறப்பட்டது. ஆயினும், மரியாள் கருவுற்றமை கண்டு சூசை கொள்ளும் ஐயத்தையும் அதன் நீக்கத்தையும் தனித்தனிப் படலங்களாக விரித்தமை குறிப்பிடத்தக்கது. மனைவியைப் புரிந்துகொள்ளக் கணவனே கற்கவேண்டியிருக்கின்றது என்பதை அப்பகுதி ஒப்புக்கொள்கின்றது. பிற்காலத் தியான உரைகள் பலவற்றிற் காணப்படாத நேர்மை இது.

அடுத்த நிலை மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு (1826–1889) தொடங்குகின்றது. கத்தோலிக்கராகிய அவர் முன்சீப்பாகப் பணியாற்றிக் குடும்ப வழக்குகளை நேரிற் கண்டவர். 1869இல் வெளிவந்த பெண்மதி மாலையும், 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரமும் இல்லத்தை அறநெறியின் பள்ளிக்கூடமாகக் கொண்டன. பெண் கல்விக்காக அவர் வாதாடினார். ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு நாடாளும் அளவுக்குத் தம் நாவலிலே பெண்ணறிவை உயர்த்தினார். எனினும், கற்ற பெண் இறுதியில் யாருக்குப் பயன்படுகின்றாள் என்னும் வினாவுக்கு அவர் தந்த விடை, நல்ல மனைவியாகவும் நல்ல தாயாகவும் என்பதே. அவர் வரைந்த இல்லம் நிலமும் பணியாளரும் உடைய இல்லம். அடுப்பை மூட்டுபவள் வேறொருத்தி. அறத்தைப் பேசுபவள் தலைவி. இன்றைய தியான உரைநடை இவ்விடத்திலேதான் தன் வேரைக் கொண்டுள்ளது. ஓய்வும் தனியறையும் உடைய தாய் ஒருத்தியை அது இயல்பானவளாகக் கொள்கின்றது.

கலவானத் தோட்டங்களின் இல்லம்

கலவான இரத்தினபுரி மாவட்டத்திலே சிங்கராச வனத்தை அடுத்துள்ள மழைமிக்க பகுதி. நுவரெலியாவிற் போல இங்குத் தோட்டங்கள் தொடர்ச்சியான பெருமலைகளாக அமையவில்லை. தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. தொழிலாளர் கூட்டம் சிறியது, தனித்தது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டத் தமிழர் மீது வன்செயல் கட்டவிழ்த்துவிடப்பட்ட போது இத்தனிமையின் பொருள் யாவர்க்கும் புலனாயிற்று. 2017ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளமும் மண்சரிவும் இப்பகுதியைக் கடுமையாகத் தாக்கின.

இத்தகைய இடத்திலே ‘இல்லம்’ என்னும் சொல்லின் பொருள் யாது? லயத்துக் காம்பரா குடும்பத்திற்குச் சொந்தமானதன்று. அது தோட்டத்தின் உடைமை, தொழிலோடு பிணைக்கப்பட்டது. இஸ்தோப்பிலே அடுப்பு, ஒரே அறையிலே பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, உறவுகளைக் கடலின் இருகரையிலும் பிரித்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திருமணப் பிணைப்பைத் தெய்விக ஒற்றுமையின் சாயலெனப் போற்றும் உரையொன்று, அவ்வொற்றுமையை அரசுகளின் எண்ணிக்கைப் பட்டியல் சிதைத்தமை பற்றி யாதும் கூறாதிருப்பின், அது தன் உவமையையே முற்றாக அறியவில்லை எனலாம்.

தாய்மையும் அவ்வாறே. பிரட்டுக்கு நேரமாகுமுன் சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலையேறிக் கொழுந்து கொய்து, பால் கொடுக்க இறங்கி மீண்டும் ஏறுவது தோட்டத்துத் தாயின் நாள். நிறை குறையின் அரைப்பேர். 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. அதுவரை சட்டபூர்வமான ஊதியத்திலேயே அவள் குறைந்தவள். சம்பள நாளிலே மனைவியின் ஊதியத்தைக் கணவன் சென்று பெற்றுக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது. இப்பெண்ணை நோக்கி, ‘பொறுமையாக இரு, உன் களைப்பே உன் சிலுவை’ என்று கூறுவதன் விளைவு யாது? களைப்பின் ஒரு பகுதி குழந்தையால் வருவது. மறுபகுதி தோட்ட நிர்வாகத்தால் வருவது. இன்னொரு பகுதி கணவனால் வருவது. மூன்றையும் ஒன்றாக்கி மூன்றுக்கும் இறைவனின் பெயரைச் சூட்டுவது அருளுரையன்று, கணக்கை மறைத்தல்.

ஓர் உவமையை எடுத்து இதனை மேலும் தெளிவாக்கலாம். மழை அருளின் அடையாளமாக மறையுரைகளிற் பெருவழக்குப் பெற்றது. நல்லோர்க்கும் தீயோர்க்கும் மழை பொழிகின்றது என்னும் சுவிசேஷக் கருத்து அதன் அடிப்படை. ஆனால் இறப்பர் தோட்டத்திலே விடியற்காலையிற் பெய்யும் மழை மரப்பட்டையை நனைத்துப் பால்வெட்டைத் தடுத்துவிடும். வெட்டு இல்லையேல் அன்றைய பேரும் இல்லை. கூரையிலே மழையொலி கேட்டு விழிக்கும் தாய்க்கு அருளென்னும் எண்ணம் முதலில் வருவதில்லை. அன்றைய அரிசியின் எண்ணமே வருகின்றது. இதனால் உவமை பொய்த்துவிட்டது என்பது நம் கருத்தன்று. இத்தாயிடமிருந்து தொடங்கும் ஓர் உரை அருளைப் பற்றி வேறொன்றைச் சொல்லியிருக்கும் என்பதே நம் கருத்து. வேற்றூரிலிருந்து கொண்டுவந்த உவமை கேட்பவளின் அறிவை மதிப்பதில்லை.

இக்குறை தற்செயலானதன்று. இலங்கையின் தோட்டப்புறத் தமிழர்க்கென 1854இல் ஏற்பட்ட ஆங்கிலிக்கத் திருப்பணி துரைமாரின் ஆதரவோடு தொடங்கியது. உதவியை ஏற்ற சபை, உதவியவரின் கணக்கேட்டை மேடையிலிருந்து படிக்க இயலாது. எனவே பாடங்கள் யாவும் லயத்தின் உட்புறத்துக்கே உரியனவாயின. குடிக்காதே, சண்டையிடாதே, பிள்ளையைத் தூய்மையாக வளர் என்பவை நல்லுரைகளே. எனினும் அவை வாசற்படியைத் தாண்டவில்லை.

மூலநூலின் இயல்பு

இந்நிலைக்குக் கிறித்தவ மூலநூலே காரணமெனக் கொள்வது பொருந்தாது. சுவிசேஷங்களின் உவமைகள் பல பெண்களின் வேலையிலிருந்தே எடுக்கப்பட்டவை. மாவிலே புளித்தமா கலப்பவள், காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடுபவள், அநீதியான நீதிபதியை விடாது தொடரும் விதவை ஆகியோரை நோக்குவோம். இவர்களுள் ஒருவரும் பணிவின் எடுத்துக்காட்டாக நிற்கவில்லை. புளித்தமாவின் உவமையிலே கூறப்படும் மூன்றளவு மா ஒரு குடும்பத்தின் தேவைக்கு மிகையானது. பெருங்கூட்டத்திற்கு உணவாகக் கூடியது. காசைத் தேடுபவள் விளக்கேற்றி வீட்டைப் பெருக்குகின்றாள். அவளிடம் இருந்தவை பத்தே காசுகள் என்பதைக் கதை மறைக்கவில்லை. விதவையோ பொறுத்திருந்து வென்றவளல்லள். தொல்லை கொடுத்து வென்றவள். வேலையின் அளவையும் பொருளின் விலையையும் துல்லியமாகக் கண்ட பின்னரே உவமை பாடத்துக்குச் செல்கின்றது. தியான உரைநடையோ பெரும்பாலும் பாடத்தை முன்னரே வைத்துக்கொண்டு நிகழ்ச்சியைத் தேடுகின்றது.

திருமணம் பற்றிப் பெரிதும் மேற்கோளாகும் எபேசியர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தையும் இவ்வாறே நோக்கலாம். மனைவியர் கீழ்ப்படிதல் பற்றிய வாக்கியத்திற்கு முன்னர், ஒருவர்க்கொருவர் கீழ்ப்படிதல் பற்றிய வாக்கியம் நிற்கின்றது; பின்னர், கணவன் தன்னையே ஒப்புக்கொடுக்கும் அளவுக்கு அன்புகூர வேண்டுமென்னும் கடமை வருகின்றது. மேடைகளிற் பேசப்படுவது பெரும்பாலும் நடுப்பகுதியே. மனைவியின் சம்பளத்தைப் பெற்றுச் சாராயக் கடைக்குச் செல்லும் கணவனுக்கு இவ்வதிகாரத்தின் பெரும்பங்கு உரியது. அவனை விடுத்து அவளையே கேட்போராகக் கொள்வது தேர்ந்தெடுத்த வாசிப்பு. தேர்ந்தெடுத்தவர் யாரென்பது வெளிப்படை.

மரியாளின் உருவத்திலே இப்போராட்டம் உச்சம் பெறுகின்றது. தாய்மைக்கு இலக்கணமாக அவளை மௌனமும் பணிவும் உடையவளாகச் சித்திரித்தனர். லூக்காவின் முதலாம் அதிகாரத்தில் அவள் வாயிலிருந்து எழும் பாடலோ, வலியோர் தள்ளப்படுதலையும் பசித்தோர் நிறைவு பெறுதலையும் பேசுவது; அதைப் பாடும்போது அவள் கருவுற்றிருக்கின்றாள். இலங்கை இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய (1924–2013) 1990இல் வெளியிட்ட ‘மரியாளும் மானிட விடுதலையும்’ என்னும் ஆங்கில நூலில், வீட்டுக்குள் அடங்கிய மரியாளுக்கு எதிராக இந்த மரியாளை நிறுத்தினார். ஆதிபாவம் முதலிய கோட்பாடுகள் பற்றி அவர் கூறியவை திருச்சபையோடு முரண்பட்டமையால் 1997இல் அவர் சபைநீக்கம் செய்யப்பட்டு, மறு ஆண்டிலே அத்தண்டனை நீக்கப்பட்டது. கோட்பாட்டுப் பிணக்கை இறையியலாளர்க்கு விடுவோம். தாய்மையை எவ்வாறு வாசிப்பது என்பது வீட்டுக்குள் முடியும் செய்தியன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. 1972இல் கண்டியிற் சத்தியோதயத்தை நிறுவிய போல் கஸ்பேஸ் அடிகளார் போன்றோர் மலையக மக்களின் குடியுரிமையையும் ஊதியத்தையும் சமயப் பணியின் பகுதியாகவே கொண்டமையும் இங்கு நினைக்கத்தக்கது.

முற்போக்கு விமரிசனத்தின் கடன்

நம் தரப்பினரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியுள்ளது. சமயத்தை அபின் என்ற அளவில் நிறுத்தி, அதே பகுதியில் மார்க்ஸ் அதனைத் துயரின் வெளிப்பாடாகவும் துயருக்கெதிரான மறுப்பாகவும் கண்டமையை மறந்துவிடுவோர் நம்மிடையே உளர். நோயுற்ற பிள்ளையை மடியிற் கிடத்தி இரவெல்லாம் செபிக்கும் தாய், தன் குழந்தையின் உயிருக்கு விலையுண்டு என்பதை உலகுக்கு எதிராக நிலைநாட்டுகின்றாள். அவளைத் தொழிலாளராக மட்டும் கணித்த நிர்வாகம் அவ்விலையை ஏற்கவில்லை. அவளை வர்க்கமாக மட்டும் கணிக்கும் விமரிசனமும் அதனை ஏற்கத் தவறுமாயின், இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே.

ஆகவே இவ்வகை எழுத்தை மதிப்பிட மூன்று அளவுகோல்களை முன்வைக்கலாம். முதலாவது, பாடம் கூறுமுன் நிகழ்ச்சி அதன் முழுமையிற் காணப்பட்டுள்ளதா? அறையின் பரப்பும் நாளின் நேரமும் கூலியின் அளவும் அதில் இடம்பெற்றுள்ளனவா? இரண்டாவது, பாடம் யாருக்குச் சுமையாகின்றது? தாய்க்கு மட்டுமா, கணவனுக்கும் நிர்வாகத்துக்கும் சபைக்குமா? மூன்றாவது, பேசுபவர் யார்? தாயைப் பற்றிப் பிறர் கூறும் பாடம் ஒன்று. தாயே தன் வாயாற் கூறும் சாட்சியம் பிறிதொன்று. தோட்டத்துப் பெண்கள் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் வேலைப் பாடலிலும் தம் இல்லறத்தைத் தாமே விமரிசித்தனர் என்பதை சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களால் அறிகின்றோம். அதே துணிவு செபக்கூட்டத்தின் சாட்சியத்திலும் இருக்கக்கூடும். அதனைக் கேட்டுப் பதிவுசெய்வாரே இலர்.

கலவானத் தோட்டங்களிலே அன்றாடத்திலிருந்து இறையருளைக் கற்க முடியாது என்பது நமது முடிபன்று. அங்குக் கற்பிப்பவள் அத்தாயாகவும், கற்பவர் சபையினரும் நாமுமாகவும் இருத்தல் வேண்டும். அவ்வாறு அமையும் எழுத்து தோன்றுமாயின், அது கிறித்தவ இலக்கியத்துக்கும் மலையக இலக்கியத்துக்கும் ஒருங்கே உரிய ஆக்கமாகும்.